ஒரு ஈ பிணத்தைத் தின்னுது, அதோட சொந்தக்கார ஈ உயிரோட தின்னுது: ஜீன் வெளிப்பாடுன்னா என்னன்னு இதை வச்சே புரிஞ்சுக்கலாம்

ஒரு மாட்டோட உடம்புல உண்ணி கடிச்ச இடத்துல சின்னதா ஒரு புண் இருக்குன்னு வச்சுக்கோங்க. நீலமும் பச்சையும் கலந்த மினுமினுப்போட, முதுகுல மூணு கறுப்புக் கோடோட ஒரு ஈ அங்க வந்து உக்காருது, புண்ணுக்கு நடுவுல இல்ல, ஓரத்துல, காஞ்ச பக்கமா. கூரைக்கு ஓடு வேஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சாப்ல இருநூறுக்கு மேல முட்டையை வரிசையா ஒட்டிட்டுப் பறந்துடுது. ஒரு நாளைக்குள்ள முட்டை பொரிஞ்சு, புழுவெல்லாம் தலையைக் கீழ விட்டு சதைக்குள்ள இறங்கிடும், வால் பக்கம் மட்டும் மேல தெரியும், ஏன்னா அதுக்கு மூச்சு விடுற துளை அங்கதான் இருக்கு. உடம்பைச் சுத்தி வளையம் வளையமா முள்ளு இருக்கிறதால பாக்க திருகாணி மாதிரி இருக்கும், அதனாலதான் இங்கிலீஷ்ல ஸ்க்ரூவார்ம்னு பேரு வந்தது. இடுக்கியால எடுக்கப் போனா இன்னும் உள்ள போகும். அஞ்சுல இருந்து ஏழு நாள் தின்னுட்டு கீழ விழுந்து மண்ணுக்குள்ள போய் கூட்டுப்புழு ஆயிடும். அதுக்குள்ள அந்தப் புண்ணு வாடைக்கு வேற தாய் ஈக்களும் வந்து முட்டை வச்சிருக்கும், கவனிக்காம விட்டா அந்த மாடு பிழைக்காது.

இந்த ஈயோட முழுப் பேரு கோக்லியோமையா ஹோமினிவோராக்ஸ். 1858ல கோக்கரெல்னு ஒரு பிரெஞ்சு மருத்துவர் பிரெஞ்சு கயானாவுல கைதிங்களுக்கு இந்தப் புழு வச்சதைப் பாத்து வச்ச பேரு, அதுக்கு அர்த்தமே மனுசனைத் தின்றதுன்னுதான். இதுக்கு ரொம்ப நெருங்கின சொந்தம் ஒண்ணு இருக்கு, கோக்லியோமையா மாசெல்லாரியா. அதே அமெரிக்கக் கண்டங்கள்ல, பாக்க கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும், ஆனா அது வாழ்றது செத்த உடம்புல. புண்ணு அழுகிப் போயிருந்தா அங்கயும் வரும், ஆனா உயிருள்ள நல்ல சதையைத் தின்னுக்கிட்டு இருக்கிற புழு அது இல்ல. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு ஒத்திருக்குன்னா 1933 வரைக்கும் விஞ்ஞானிங்களே ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டுதான் இருந்தாங்க, அந்த வருசம்தான் குஷிங், பாட்டன்னு ரெண்டு பேரு இது வேற அது வேறன்னு பிரிச்சுக் காட்டினாங்க.

ஒரே பேரினம், ஒரே மாதிரி உடம்பு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஜீன்கள். அப்புறம் எப்படி ஒண்ணு பிணத்தைத் தேடிப் போகுது, இன்னொண்ணு உயிரோட இருக்கிறதைத் தேடிப் போகுது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் ஜீன் வெளிப்பாடு, அதாவது ஜீன் எக்ஸ்பிரஷன்ங்கிற விசயம் வருது. இதை முதல் தடவை படிக்கிறவங்களுக்கு பாடப்புத்தகத்துல வர்ற படத்தைவிட இந்த ஈக்களை வச்சுச் சொன்னா நல்லா மனசுல நிக்கும்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல அடிப்படை. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டிஎன்ஏ இருக்கு, அதுல ஜீன்கள் இருக்கு, ஒவ்வொரு ஜீனும் பெரும்பாலும் ஒரு புரதத்தை எப்படிச் செய்யறதுங்கிற எழுத்து. மூலப் பத்திரத்தை பீரோவுல வச்சுப் பூட்டிட்டு ஜெராக்ஸ் மட்டும் வெளிய குடுக்கிற மாதிரி, செல் டிஎன்ஏவை உட்கருவுக்குள்ளயே பத்திரமா வச்சுக்கிட்டு தேவையான ஜீனுக்கு மட்டும் ஆர்என்ஏன்னு ஒரு நகல் எடுத்து வெளிய அனுப்பும், அந்த நகலைப் படிச்சுதான் புரதம் தயாராகும். ஒரு ஜீன்ல இருந்து நகல் எடுத்து, அது புரதமா வேலைக்கு வர்றதைத்தான் அந்த ஜீன் வெளிப்படுதுன்னு சொல்றாங்க. முக்கியமான விசயம் என்னன்னா எந்த ஜீனுக்கு நகல் எடுக்கிறது, எந்த உறுப்புல எடுக்கிறது, எப்ப எடுக்கிறது, எத்தனை நகல் எடுக்கிறதுங்கிறதெல்லாம் செல்லுக்குச் செல், நேரத்துக்கு நேரம் மாறும். பத்திரம் ஒண்ணுதான், ஆனா எத்தனை நகல் வெளிய போச்சுங்கிறதுலதான் எல்லா வித்தியாசமும் இருக்கு.

இதுக்கு ஈயைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. முட்டை, புழு, கூட்டுப்புழு, இறக்கை முளைச்ச ஈ, இந்த நாலுலயும் இருக்கிறது ஒரே டிஎன்ஏ. புழுவுக்கு காலும் இல்ல இறக்கையும் இல்ல, நாள் பூரா தின்கிறது மட்டும்தான் வேலை, அதே உயிர் கொஞ்ச நாள் கழிச்சுப் பறக்குது, ஜோடி தேடுது. பாட்ஃபிளைன்னு ஒரு குடும்பம் இருக்கு, அதோட புழுவெல்லாம் மாடு, குதிரை, ஆடு மாதிரி மிருகங்களோட உடம்புக்குள்ளயே வளரும், ஆனா வளந்த ஈக்கு சாப்பிடுற வாயே ஒழுங்கா இருக்காது, பல இனங்கள் ஈயா மாறின பிறகு சாப்பிடுறதே இல்ல, புழுவா இருந்தப்ப சேத்து வச்ச கொழுப்பை வச்சே மிச்ச வாழ்க்கையை முடிச்சுக்கும். அதுலயே குதிரை வயித்துல வளர்ற காஸ்ட்ரோபைலஸ் புழு நம்ம ரத்தத்துல இருக்கிற மாதிரி ஹீமோகுளோபினைத் தயார் பண்ணும், பூச்சிங்கள்ல அது அபூர்வம். குதிரையோட வயித்துக்குள்ள ஆக்சிஜன் கொஞ்சமாதான் கிடைக்கும், கிடைக்கிறப்ப பிடிச்சு வச்சுக்கணும், அதுக்காக அந்த ஜீன் புழுவோட ஒரு குறிப்பிட்ட பகுதி செல்கள்ல அதிகமா வேலை செய்யுது. இடமும் நேரமும் அளவும் மாறினா ஒரே ஜீன் தொகுப்புல இருந்து எவ்வளவு தூரம் வித்தியாசம் வரும்னு இதைப் பாத்தாலே புரியும்.

இப்ப சாப்பாட்டு விசயத்துக்கு வருவோம். ஒட்டுண்ணி ஈயோட சாப்பாடுன்னு சொல்லும்போது ரொம்பப் பேரு கவனிக்காம விடுற ஒரு விசயம் இருக்கு, அதாவது புழு என்ன திங்கணும்ங்கிறதைப் பெரும்பாலும் முடிவு பண்றது புழு இல்ல, அதோட அம்மா. தாய் ஈ எங்க முட்டை வைக்குதோ அங்கதான் புழு சாப்பிட்டாகணும், காலில்லாத புழு வேற மாட்டைத் தேடிப் போக முடியாது. அதனால இந்தப் பழக்கம் பரிணாமத்துல மாறணும்னா ரெண்டு இடத்துல மாத்தம் வேணும். ஒண்ணு தாயோட மூக்கு, அதாவது உணர்கொம்பு. இன்னொண்ணு புழுவோட வயிறு. தாய் போய் உயிருள்ள மாட்டுல முட்டை வச்சு, புழுவுக்கு அங்க பிழைக்கத் தெரியலன்னா வம்சம் அத்தோட முடிஞ்சது. புழுவுக்கு எல்லாத் திறமையும் இருந்து தாய் செத்த எலியைத் தேடிப் போனாலும் அந்தத் திறமைக்கு வேலை இல்ல. ரெண்டும் சேந்து வரணும், இதுதான் எனக்கு இந்த விசயத்துல ரொம்ப ஆச்சரியமான இடம்.

புழுவோட பக்கத்தை முதல்ல பாப்போம். செத்த உடம்பும் உயிருள்ள உடம்பும் சாப்பாடா பாத்தா ரெண்டுமே சதைதான், ஆனா வாழ்ற இடமா பாத்தா மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிணத்துல பாக்டீரியா குவிஞ்சிருக்கும், அது விடுற விசம் இருக்கும், அம்மோனியா ஏறிக்கிட்டே போகும், ஆயிரக்கணக்கான புழு நெருக்கியடிச்சுக்கிட்டு ஒரே இடத்துல தின்கிறதால அந்தக் கூட்டம் சுத்துப்புறத்தைவிட பல டிகிரி சூடாயிடும். உயிருள்ள உடம்புல அந்த விசமெல்லாம் குறைவு, வெப்பநிலையும் ஒரே சீரா இருக்கும், ஆனா அங்க எதிர்ப்பு சக்தின்னு ஒண்ணு இருக்கே, அது சும்மா விடாது. ரத்தம் உறையும், வெள்ளை அணுக்கள் ஓடி வரும், புழு விடுற ஜீரண என்சைமை முடக்குற புரதங்கள் மிருகத்தோட ரத்தத்துலயே இருக்கும். அதனால ஒரு புழு பிணத்துல இருந்து உயிருள்ள சதைக்குக் குடி மாறணும்னா, விசத்தை முறிக்கிற ஜீன்களைவிட எதிர்ப்பு சக்தியைச் சமாளிக்கிற ஜீன்கள் அதிகம் வேலை செய்யணும்னு நாம எதிர்பாக்கலாம். எதிர்பாக்கலாம்னுதான் சொல்றேன், அப்படித்தான் இருக்காங்கிறதை அளந்து பாத்துதான் சொல்ல முடியும்.

நல்லாத் தெரிஞ்ச ஒரு உதாரணம் மாட்டோட தோலுக்குக் கீழ வாழ்ற ஹைப்போடெர்மா புழு. இது குட்டியா இருக்கும்போது உடம்புக்குள்ள மாசக்கணக்குல ஊர்ந்து போகும், போற வழியில ஹைப்போடெர்மின்னு மூணு வகை என்சைம்களை விட்டுக்கிட்டே போகும். அதுல ஒண்ணு கொலாஜனை, அதாவது திசுக்களை இறுக்கிப் பிடிச்சிருக்கிற நாரை வெட்டி வழி விடும், இன்னொண்ணு மாட்டோட எதிர்ப்பு சக்தியில முக்கியமான சி3ங்கிற புரதத்தை உடைச்சுப் போட்டுடும். இந்த என்சைமெல்லாம் நம்ம வயித்துல சாப்பாட்டைச் செரிக்கிற டிரிப்சின் வகையைச் சேந்தவைதான். செரிமானத்துக்குன்னு இருந்த ஒரு குடும்பத்து ஜீனே இங்க ஒளிஞ்சு வாழ்றதுக்குமான ஆயுதமா மாறியிருக்கு.

லுசிலியா செரிகாட்டான்னு பச்சை நிறத்துல மின்னுற ஒரு ஈ, அதோட புழுவைத்தான் ஆறாத புண்ணைச் சுத்தம் பண்ண மருத்துவத்துலயே பயன்படுத்துறாங்க, 2004ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதுக்கு அனுமதி குடுத்துச்சு. அது பாக்டீரியாவைக் கொல்ற லூசிஃபென்சின்னு ஒரு சின்னப் புரதத்தைத் தயார் பண்ணும், பாக்டீரியா அதிகமானா அந்த ஜீனோட வெளிப்பாடும் புழுவோட கொழுப்புத் திசுவுல ஏறும். அதாவது ஜீன் வெளிப்பாடுங்கிறது பிறவியிலயே குறிச்சு வச்ச ஒரே அளவு இல்ல, புழு எங்க உக்காந்து என்ன திங்குதுங்கிறதைப் பொறுத்தும் மாறும். அதனால சாப்பாடு ஜீனை மாத்துதா, ஜீன் சாப்பாட்டை மாத்துதான்னு கேட்டா ரெண்டும்தான். இந்த ரெட்டைத் திசை அம்புக்குறி ஞாபகத்துல இருக்கட்டும், பின்னாடி வேணும்.

இப்ப தாயோட மூக்கு. ஈயோட உணர்கொம்புல வாசனையைப் பிடிக்கிற ஏற்பிகள் நிறைய வகை இருக்கு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு ஜீன். ஆனா அதுல ஒரு பெரிய குடும்பத்து ஏற்பிகள் தனியா வேலை செய்யாது, ஆர்கோன்னு ஒரு கூட்டாளிப் புரதம் பக்கத்துல இருந்தாதான் வேலை செய்யும். அப்போ ஆர்கோ ஜீனை மட்டும் கெடுத்துட்டா ஒரே அடியில வாசனை உலகத்துல பெரும் பகுதி அணைஞ்சுடும். ஸ்க்ரூவார்ம் ஈயில, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்துல வெட்டுற கிரிஸ்பர்ங்கிற கத்தரியை வச்சு சரியா இதைத்தான் பண்ணிப் பாத்தாங்க, 2021ல முடிவு வெளிவந்தது, ஆர்கோ இல்லாத ஈக்கள் உணவு தேடுறதுலயும் புண்ணுள்ள மிருகத்தைக் கண்டுபிடிக்கிறதுலயும் தடுமாறிப் போச்சு. புண்ணுல வளர்ற பாக்டீரியா விடுற வாடைதான் தாய் ஈயை இழுக்குதுங்கிறது முன்னாடியே தெரிஞ்ச விசயம்தான், அந்த வாடையில இருக்கிற பொருள்களைக் கலந்து பொறி வைக்கிறதெல்லாம் ரொம்ப நாளா நடக்குது, ஆனா ஒரு ஜீனை எடுத்துட்டா இந்தப் பழக்கம் கெடுதுன்னு நேரடியா காட்டினது பெரிய முன்னேற்றம்.

ருசி விசயத்துல ட்செட்சி ஈயைச் சொல்லாம போக முடியாது. ஆப்பிரிக்காவுல தூக்க நோயைப் பரப்புற ஈ இது, ஆணும் பெண்ணும் ரெண்டும் ரத்தம் மட்டும்தான் குடிக்கும், வேற எதுவும் சாப்பிடாது. இதோட ஜீனோமை, அதாவது மொத்த டிஎன்ஏ எழுத்தையும், 2014ல படிச்சு வெளியிட்டாங்க. பாத்தா, பழ ஈக்கு 60 ருசி ஜீன் இருக்கிற இடத்துல இதுக்கு 14தான் இருக்கு, அதுலயும் இனிப்பை உணர்ற ஜீன்கள் மொத்தமா காணாமப் போயிருக்கு. பூவுல தேன் குடிக்கவே போகாத ஈக்கு இனிப்பு ருசி எதுக்கு. ஆனா கவனிங்க, இது வெளிப்பாடு குறைஞ்ச கதை இல்ல, ஜீனே தொலைஞ்ச கதை. பரிணாமம் ரெண்டு வழியிலயும் வேலை செய்யும், சில இடத்துல பத்திரத்தையே கிழிச்சுப் போட்டுடும், சில இடத்துல பத்திரத்தை அப்படியே விட்டுட்டு நகல் எண்ணிக்கையை மட்டும் மாத்தும். ரெண்டாவது வழியில திரும்பி வர முடியும், முதல் வழியில கிழிச்சது கிழிச்சதுதான்.

ஒரு ஜீனோட அளவு கொஞ்சம் கூடக் குறைய இருந்தா சாப்பிடுற பழக்கமே மாறுமான்னு சந்தேகம் வரலாம். வரணும், நியாயமான சந்தேகம். இதுக்கு விடை ஒட்டுண்ணி ஈயில இல்ல, பழ ஈயில கிடைச்சது. 1980 வாக்குல மார்லா சோகோலோவ்ஸ்கிங்கிற ஆராய்ச்சியாளர் பழ ஈப் புழுக்களை ஈஸ்ட் தடவின தட்டுல விட்டு அது போற தடத்தைப் பாத்தாங்க. ஈஸ்ட் மேல புழு ஊர்ந்தா கோடு மாதிரி தடம் விழும், சில புழு தின்னுக்கிட்டே தட்டு பூரா நீளமா கோடு போட்டுச்சு, சிலது இருந்த இடத்துலயே சின்னதா சுத்திச் சுத்தித் தின்னுச்சு. முதல் வகைக்கு ரோவர், ரெண்டாவது வகைக்கு சிட்டர்னு பேரு வச்சாங்க. சாப்பாடு இல்லாத தட்டுல விட்டா ரெண்டும் ஒரே மாதிரிதான் ஊருது, அதனால இது சோம்பேறித்தனம் இல்ல, சாப்பாட்டுக்கு முன்னாடி மட்டும் வர்ற வித்தியாசம். 1997ல இதுக்குக் காரணமான ஜீனைப் பிடிச்சாங்க, ஃபோரேஜிங்னே பேரு வச்ச அந்த ஜீன் பிகேஜிங்கிற என்சைமைத் தயார் பண்ணுது, ரோவர்ல அது கொஞ்சம் அதிகம், சிட்டர்ல கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். தேனீயில இது இன்னும் அழகு. கூட்டுக்குள்ள குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டு இருந்த வேலைக்காரத் தேனீ வயசானதும் வெளிய பூத் தேடிப் போக ஆரம்பிக்கும், அப்ப அதோட மூளையில இதே ஜீனோட வெளிப்பாடு கூடுதுன்னு 2002ல காட்டினாங்க. ஒரே தேனீ, ஒரே டிஎன்ஏ, ஜீன் வெளிப்பாடு கூடினதும் வேலை மாறுது.

சரி, இதையெல்லாம் எப்படி அளக்கிறாங்க? ஒரு புழுவை எடுத்து ரொம்பக் குளிர்ந்த திரவ நைட்ரஜன்ல போட்டு கல்லு மாதிரி உறைய வச்சுத் தூளா அரைப்பாங்க. அவசரம் ஏன்னா ஆர்என்ஏங்கிறது ரொம்ப சீக்கிரம் சிதைஞ்சு போற பொருள், நம்ம விரல்ல இருக்கிற என்சைம் பட்டாலே போதும், நாள் பூரா பண்ணின வேலை வீணாயிடும், அதனால கையுறை இல்லாம யாரும் கிட்ட வரமாட்டாங்க. அப்புறம் அந்தத் தூள்ல இருந்து ஆர்என்ஏவை மட்டும் பிரிச்சு, அதை டிஎன்ஏவா திருப்பி எழுதி, சின்னச் சின்னத் துண்டா மெசின்ல படிப்பாங்க, கோடிக்கணக்குல துண்டு வரும். ஒவ்வொரு துண்டும் எந்த ஜீன்ல இருந்து வந்ததுன்னு கம்ப்யூட்டர் பொருத்திப் பாத்து எண்ணும். இதுக்குப் பேரு ஆர்என்ஏ சீக்வென்சிங். ஒரு உதாரணத்துக்கு, டிரிப்சின் ஜீன் ஒண்ணுக்கு பிணம் தின்ற புழுவுல 200 துண்டும், உயிருள்ளதைத் தின்ற புழுவுல 1600 துண்டும் வந்துச்சுன்னு வச்சுப்போம், அப்போ எட்டு மடங்கு அதிகம். ஆராய்ச்சிக் கட்டுரையில இதை 3ன்னு எழுதியிருப்பாங்க, பயந்துடாதீங்க, ரெண்டை மூணு தடவை பெருக்கினா எட்டு, அதைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்றாங்க.

இங்கதான் நிதானம் வேணும், ஏன்னா இந்த எண்களைப் பாத்ததும் முடிவு கட்டிடுற ஆசை எல்லாருக்கும் வரும். ஒரு ஈக்கு சுமாரா 14,000 ஜீன் இருக்குன்னு வைங்க, நூத்துக்கு அஞ்சு தடவை தப்பா சொல்லலாம்னு ஒரு அளவுகோலை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணையும் ஒப்பிட்டா, உண்மையில எந்த வித்தியாசமும் இல்லாட்டிக்கூட 700 ஜீன் மாறியிருக்கிற மாதிரி தெரியும், சும்மா தற்செயலா. அதனாலதான் ஒரே ஒரு புழுவை வச்சு அளக்காம பல மாதிரிகளை அளந்து, இந்தத் தற்செயலைக் கழிக்கிற கணக்கும் போடுறாங்க. இன்னொரு பொறி, முழுப் புழுவை அரைச்சா எல்லா உறுப்பும் கலந்துடும், ஒரு இனத்துக்கு எச்சில் சுரப்பி பெருசா இருந்தா ஒவ்வொரு செல்லும் அதே அளவு வேலை செஞ்சாலும் மொத்தத்துல எச்சில் ஜீன் அதிகமா வெளிப்படுற மாதிரி காட்டும். வயசும் அப்படித்தான், ரெண்டு நாள் புழுவையும் நாலு நாள் புழுவையும் ஒப்பிட்டுட்டு இது சாப்பாட்டால வந்த வித்தியாசம்னு சொன்னா அது நிக்காது. ஆர்என்ஏ அதிகம்னா புரதமும் அதே அளவு அதிகம்னும் இல்ல, பெரும்பாலும் சேந்துதான் போகும், எப்பவும் இல்ல.

இதைவிடப் பெரிய பொறி நான் மேல சொன்ன ரெட்டை அம்புக்குறி. உயிருள்ள சதையைத் தின்ற இனத்துல ஒரு ஜீன் அதிகமா இருந்தா, அந்த ஜீனாலதான் அந்தப் பழக்கம் வந்ததா, இல்ல அந்தச் சதையைத் தின்றதால ஜீன் ஏறிச்சா? இதைப் பிரிக்க ஒரு நல்ல வழி, ரெண்டு இனத்தையும் ஒரே சாப்பாட்டுல, ஒரே சூட்டுல வளத்து அளக்கிறது, அப்பவும் வித்தியாசம் இருந்தா அது சாப்பாட்டால வந்தது இல்ல. கூடவே புழுவை நடுவுல விட்டு ஒரு பக்கம் புது மாமிசம், மறுபக்கம் அழுகின மாமிசம், இல்ல ஒரு பக்கம் சூடு மறுபக்கம் சாதா வெப்பம்னு வச்சு எந்தப் பக்கம் போகுதுன்னு எண்ணணும். ஜீன் எண்ணும் பழக்க எண்ணும் பக்கத்துல பக்கத்துல இருந்தாதான் பேச முடியும். கடைசியா அந்த ஜீனையே கெடுத்துப் பாக்கணும், ஆர்கோவுல பண்ணின மாதிரி. அது வரைக்கும் அந்த ஜீனை சந்தேகத்துக்குரிய ஆளுன்னு சொல்லலாம், குற்றவாளின்னு சொல்லக்கூடாது.

இன்னொரு பெரிய உதவி இயற்கையே செஞ்சு வச்சிருக்கு. உயிருள்ள சதையைத் தின்ற பழக்கம் இந்த ஈக் குடும்பத்துல ஒரே ஒரு தடவை வந்தது இல்ல. அமெரிக்கக் கண்டங்கள்ல கோக்லியோமையா ஹோமினிவோராக்ஸ் எப்படியோ அப்படியே ஆசியாவுலயும் ஆப்பிரிக்காவுலயும் கிரைசோமையா பெஸியானா, இதுவும் உயிருள்ள மிருகத்துல மட்டும்தான் வளரும், இதோட சொந்தக்காரங்கள்ல பாதிக்கு மேல பிணம் தின்றவங்க. ஆஸ்திரேலியாவுல செம்மறியாட்டை வாட்டுற லுசிலியா குப்ரினா மூணாவது. பாட்ஃபிளை குடும்பம் தனி. தனித்தனியா ஒரே பழக்கத்துக்கு வந்து சேந்த இந்த இனங்கள்ல ஒரே ஜீன் ஒரே பக்கமா ஏறியோ இறங்கியோ இருந்தா, அது தற்செயல்னு தள்ளிட முடியாது. பிரேசில்ல சாவோ பாலோ பல்கலைக்கழகத்துல இந்த மாதிரி ஒப்பீட்டை ரொம்ப நாளா பண்ணிக்கிட்டு இருக்காங்க.

லுசிலியா பேரினத்துல ஒரு புதிர் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. லுசிலியா செரிகாட்டா பிரிட்டன்ல ஆட்டு மேல புழு வைக்கிற முக்கியமான எதிரி, அதே இனம் வட அமெரிக்காவுல பெரும்பாலும் பிணத்தோட நிறுத்திக்குது. லுசிலியா குப்ரினாவும் எல்லா ஊர்லயும் ஆட்டைத் தாக்குறது இல்ல. ஒரே இனத்துக்குள்ளயே இப்படின்னா, புதுசா ஜீன் முளைக்கணும்னு அவசியம் இல்ல, இருக்கிற ஜீனோட அளவுல சின்ன மாத்தம், கூடவே கம்பளி ஈரமா இருக்கிற ஆடு நிறைய கிடைக்கிற சூழ்நிலை, ரெண்டும் சேந்தா போதும் போலன்னு தோணுது. லுசிலியா குப்ரினா ஜீனோமை 2015ல வெளியிட்டப்ப அதுல இருந்த சுமார் 14,500 ஜீன்ல 2,000க்கு மேல வேற எந்த உயிர்லயும் ஜோடி கண்டுபிடிக்க முடியாத ஜீனா இருந்துச்சு. அதெல்லாம் எந்த உறுப்புல எப்ப வெளிப்படுதுன்னு பாத்தாதான் அதோட வேலை என்னன்னு ஒரு பிடி கிடைக்கும்.

இதுவரைக்கும் ஈ தன்னோட ஜீனைத் தானே ஏத்தி இறக்குற கதை. வேற ஒருத்தர் ஏத்தி இறக்கினா? ட்செட்சி ஈக்குத் திரும்பி வருவோம். ரத்தம் குடிக்கும்போது நம்ம ரத்தம் உறைஞ்சு குழாய் அடைச்சுடக்கூடாதுன்னு அதோட எச்சில்ல உறைவைத் தடுக்கிற புரதங்கள் இருக்கு. தூக்க நோயைக் கொண்டு வர்ற டிரிப்பனோசோம் கிருமி அந்த எச்சில் சுரப்பிக்குள்ள குடி இருக்கும். 2010ல வந்த ஆராய்ச்சியில, கிருமி இருக்கிற ஈக்களோட சுரப்பியில இந்த முக்கியமான எச்சில் ஜீன்களோட வெளிப்பாடு ஏறத்தாழ 70 சதவீதம் குறைஞ்சிருந்தது. விளைவு என்னன்னு யோசிச்சுப் பாருங்க, ரத்தம் சரியா வராது, ஈ ஊசியை எடுத்து எடுத்துக் குத்திப் பாக்கும், வயிறு நிரம்ப அதிக நேரம் எடுக்கும், நடுவுல விரட்டினா பாதிப் பசியோட வேற ஆள் மேல போய் உக்காரும். ஒவ்வொரு குத்தலும் கிருமிக்குப் புது வாசல். ஈ பட்டினியில அலையுது, கிருமி ஊர் சுத்துது. ஜீன் வெளிப்பாடு மாறினா சாப்பிடுற பழக்கம் மாறும்ங்கிறதுக்கு இதைவிடத் தெளிவா ஒரு உதாரணம் நான் படிச்சதில்ல.

இதெல்லாம் தெரிஞ்சு என்ன ஆகப்போகுதுன்னு கேக்கிறவங்களுக்கு ஸ்க்ரூவார்ம் கதையோட மிச்சத்தைச் சொல்லணும். நிப்ளிங், புஷ்லேண்ட்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், பெண் ஈ வாழ்க்கையில ஒரு தடவைதான் சேரும்ங்கிறதைப் பிடிச்சுக்கிட்டு, கதிர்வீச்சால மலடாக்கின ஆண் ஈக்களைக் கோடிக்கணக்குல பறக்க விட்டா முட்டை பொரியாம வம்சம் அழியும்னு கணக்குப் போட்டாங்க. 1954ல கரீபியன் கடல்ல இருக்கிற குராசாவ் தீவுல செஞ்சு காட்டினாங்க, அப்புறம் அமெரிக்கா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கான்னு ஒவ்வொரு நாடா ஒழிச்சு பனாமா வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போனாங்க, 1992ல ரெண்டு பேருக்கும் உலக உணவுப் பரிசு கிடைச்சது. ஆனா 2023ல இருந்து அந்த ஈ மறுபடி வடக்க ஏறி, 2024 நவம்பர்ல மெக்சிகோவோட சியாபாஸ் மாநிலத்துலயே கண்டுபிடிச்சாங்க. மலட்டு ஈ வளக்கிற வேலையில ஒரு பெரிய செலவு என்னன்னா பாதி பெண்ணா பிறக்கும், பெண் ஈயை வெளிய விட்டு எந்தப் பிரயோஜனமும் இல்ல, ஆனா அதுக்கும் சேத்துத் தீனி போடணும்.

அதுக்கு 2016ல ஒரு வழி காட்டினாங்க, முழுக்க முழுக்க ஜீன் வெளிப்பாட்டை வச்சே செஞ்ச வழி. பெண்ல மட்டும் வேலை செஞ்சு அதைக் கொல்ற ஒரு ஜீனை ஈக்குள்ள வச்சாங்க, அந்த ஜீன் டெட்ராசைக்ளின்ங்கிற மருந்து இருக்கிற வரைக்கும் அணைஞ்சே இருக்கும். வம்சத்தைப் பெருக்கணும்னா தீனியில டெட்ராசைக்ளினைக் கலந்து குடுப்பாங்க, ஆண் பெண் ரெண்டும் நல்லா வளரும். வெளிய விடப்போற தலைமுறைக்கு அந்த மருந்தை நிறுத்திடுவாங்க, ஜீன் எழும், பெண்ணெல்லாம் வளரும்போதே செத்து, கூட்டுல இருந்து ஆண் ஈ மட்டும் வெளிய வரும்.